புக்ல அப்படி இல்லையே, அண்ணே

மதுரை எஸ்.எஸ். காலனியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை சொல்லி ஆடும் ஆட்டத்துக்காக ஆறு பேர் கூடுவோம். நடுவில் ஒரு பழைய சாப்பாட்டு மேசை. அதன் மேல் கட்டம் போட்ட சார்ட் பேப்பர், இருபது முக டைஸ், பென்சில்கள், ஒரு தட்டில் முள்ளு முருங்கை வடை. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசுவார்கள், செய்ய நினைத்தது பலிக்குமா என்று டைஸ் உருட்டிப் பார்ப்பார்கள். ஆறாவது ஆள் நான். அவர்கள் போகிற ஊர், சந்திக்கிற மனிதர், எதிரே வருகிற ஆபத்து எல்லாவற்றையும் சொல்வது என் வேலை. அந்த வேலைக்கு டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், என்று பேர். கதை எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்.

புதிதாக ஆட வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது விதிகளைப் பற்றி இல்லை. "அண்ணே, இந்த உலகத்தப் பத்தி ஏகப்பட்ட நாவல் இருக்காமே, அதெல்லாம் படிச்சாத்தான் ஆட முடியுமா?" என்றுதான் கேட்பார்கள். படிக்காமலும் ஆடலாம். ஆனால் ஒரே ஒரு நாவலைச் சரியான விதத்தில் படித்துவிட்டு வந்தால் ஆட்டத்தின் ருசியே மாறிவிடும். தவறான விதத்தில் படித்துவிட்டு வந்தால் மேசை கலைந்துவிடும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. முதன்முறையாக டிஎம் ஆக உட்காரப் போகிற ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆட மட்டும் வருகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

நாவல் எப்படி உள்ளே வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. கைகாக்ஸ் தன் மேசைக்காகக் கட்டிய கிரேஹாக் உலகத்தை வைத்து ஆண்ட்ரே நார்ட்டன் 1978இல் ஒரு நாவல் எழுதினார். இந்த ஆட்டத்தை ஒட்டி வந்த முதல் நாவல் அதுதான். அப்போது நாவல் ஓரமாக நின்றது, ஆட்டம் தன் பாட்டுக்குப் போனது.

1984இல் டிராகன்லான்ஸ் என்ற இன்னொரு உலகம் வந்ததும் நிலைமை மாறியது. ஆடுவதற்கான சாகசப் புத்தகங்களும், மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் எழுதிய நாவல்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்து பிறந்தன. நாவலில் வருகிற அதே ஆட்களைச் சாகசப் புத்தகத்திலிருந்து எடுத்து நீங்களே ஆடலாம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. நாவலின் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டிய ஒருவர் உங்கள் மேசையில் முதல் வாரமே செத்துப்போனால் என்ன செய்வது? அந்தச் சாகசப் புத்தகங்களே ஒரு வழி சொன்னன. முக்கியமானவர்கள் சாகும்போது உடல் கண்ணில் படாதபடி, தெளிவில்லாமல் சாகட்டும். பிறகு ஏதாவது காரணம் சொல்லித் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். டிஎம்முக்கு இது வசதி. ஆனால் டைஸ் ஒன்று சொல்கிறது, புத்தகம் வேறொன்று கேட்கிறது. டைஸை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மரியாதை?

1987இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் வந்தது. கனடாக்காரரான எட் கிரீன்வுட் சின்னப் பையனாக இருந்தபோதே, அதாவது இந்த ஆட்டம் பிறப்பதற்கு முன்பே, கதைகளாக எழுதி வளர்த்த உலகம் அது. அடுத்த ஆண்டு ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவலில் டிரிஸ்ட் என்ற கருப்பு எல்ஃப் (எல்ஃப் என்பது ஒரு கற்பனை இனம்) வந்தான். இரண்டு கையிலும் வளைவாள், கொடிய இனத்தில் பிறந்த நல்லவன். அவனுக்கு வாசகர் கூட்டம் பெருகியது. புதிதாக ஆட வருகிற மூன்று பேரில் ஒருவராவது அவன் ஜாடையில்தான் இன்றைக்கும் தன் பாத்திரத்தை எழுதிக்கொண்டு வருகிறார். அது தப்பே இல்லை. பிடித்தவரைப் போல ஆசைப்பட்டுத்தான் எல்லாரும் தொடங்குகிறோம்.

1989இல் நடந்ததை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதிப்புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு மாறியது. மாறிய விதிகளுக்கு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்துக்குள்ளேயே காரணம் சொல்ல மூன்று நாவல்கள் வந்தன. தெய்வங்கள் பூமிக்குத் தள்ளப்படுகிறார்கள், மந்திரம் தாறுமாறாகிறது. புதிய விதிகளில் அசாசின் என்ற கொலைத்தொழில் பாத்திர வகை நீக்கப்பட்டிருந்தது. அதனால் கதையிலும் அந்த உலகத்தின் அசாசின்கள் ஒட்டுமொத்தமாகச் சாகிறார்கள். அப்போது யாரோ ஒருவர் தன் மேசையில் ஆசையாக ஒரு அசாசினை வளர்த்துக்கொண்டிருந்திருப்பார், அவரை நினைத்துப் பாருங்கள். நாவல் வெறும் கதைப் புத்தகமாக இல்லாமல் உங்கள் வீட்டு மேசைக்கே உத்தரவு போடுகிற இடம் இதுதான்.

இனி வேலைகளைப் பார்ப்போம்.

முதல் வேலை: ஒரு உலகம், ஒரு புத்தகம், ஒரு ஆண்டு

ஒரு உலகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரே ஒரு நாவலை எடுங்கள். முப்பது பாகம் உள்ள வரிசையைப் படித்து முடித்துவிட்டுத்தான் ஆடுவேன் என்று உட்கார்ந்தால் ஆடவே மாட்டீர்கள். அந்த உலகத்தில் முதலில் எழுதப்பட்டவற்றில் ஒன்றாக இருந்தால் நல்லது. வாசகருக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்து எழுதியிருப்பார்கள், ஊரைப் பொறுமையாகக் காட்டுவார்கள். பத்தாவது பாகத்தை எடுத்தால் யார் யாருக்கு மச்சான் என்பதே புரியாது.

அப்புறம் நாவலின் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பாருங்கள். உலகத்தின் ஆண்டு, அச்சான ஆண்டு இல்லை. உங்கள் கையில் இருக்கும் விதிப்புத்தகமோ உலகக் கையேடோ எந்த ஆண்டைச் சொல்கிறது என்றும் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது உலகத்தின் காலத்தையே சுமார் 100 ஆண்டு முன்னே தள்ளிவிட்டார்கள். பழைய நாவலில் நீங்கள் ரசித்த வாலிப மேயர் இப்போதைய கையேட்டின்படி செத்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். இதைக் கவனிக்காமல் போய் உட்கார்ந்தால் முதல் நாளே ஒருவர் விரலை நீட்டுவார்.

டார்க் சன் என்ற பாலைவன உலகம் இன்னும் கடுமையான பாடம். 1991இல் அதன் ஆட்டப் புத்தகங்கள் அடங்கிய முதல் பெட்டி வந்தது. கொடுங்கோல் சூனிய மன்னர்கள் ஆளுகிற நகரங்கள், அவர்களை ஒருநாள் வீழ்த்தலாம் என்ற ஆசையோடு ஆட வேண்டிய உலகம். ஆனால் அதே ஆண்டு தொடங்கி வந்த ஐந்து நாவல்களின் வரிசையில், முதல் நாவலிலேயே டிர் நகரத்து மன்னன் கலக் கொல்லப்படுகிறான். வரிசை முடிவதற்குள் உலகமே புரண்டுவிடுகிறது. 1995இல் வந்த திருத்திய பெட்டி, நாவல்களில் நடந்ததை நடந்ததாகவே எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கியது. பெரிய வேலைகளெல்லாம் முடிந்துபோன உலகம் உங்கள் கைக்கு வருகிறது. டார்க் சன் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, 1991 பெட்டியின் நிலையிலிருந்து தொடங்குங்கள், நாவலைப் பிறகு தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இந்த நாவல்களை நாம் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், பல அச்சில் இல்லை. மின்னூல்தான் எளிது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஆங்கிலப் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகக் குனிந்து தேடினால் சில சமயம் அகப்படும். அகப்படுவது மூன்றாம் பாகமாக இருந்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள், அதிலிருந்து தொடங்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து படியுங்கள். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உங்கள் சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து படிக்கவும் இடம் இருக்கிறது.

இரண்டாவது வேலை: நோட்டுப் போட்டுப் படிப்பது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

நாவலைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். கதையை எழுதாதீர்கள். யார் யாரைக் கொன்றார், எந்த வாள் யார் கைக்குப் போனது, எதுவும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதை விற்றுப் பிழைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், கோபம் வந்தால் எதன் மேல் ஆணையிடுகிறார்கள், ராத்திரியில் எந்தச் சத்தம் கேட்கிறது, யாரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். இவற்றை மட்டும் எழுதுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வெளியூர்க்காரருக்கு மதுரையைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது என்று படம் போட்டுக் காட்டலாம். அது வரைபடம். உலகக் கையேடு அதைத் தந்துவிடும். ஆனால் முகூர்த்த நாளுக்கு முந்தின விடியலில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை ஏறுகிறதும், அதைக் கேட்டுப் பூக்கட்டும் அம்மா முணுமுணுக்கிறதும், முழம் போடும்போது கை கொஞ்சம் சுருங்குகிறதும் வரைபடத்தில் இருக்காது. அதைத் தருவது நாவல். மேசையில் நீங்கள் சொல்லப் போவதும் அதைத்தான்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். முன்னே சொன்ன 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவலின் களம் வடக்கே ஒரு பனிவெளி. மூன்று ஏரிகள், அவற்றைச் சுற்றிப் பத்து ஊர்கள். பத்து ஊரும் அந்த ஏரிகளில் கிடைக்கும் ஒரு வகை மீனை நம்பியே பிழைக்கின்றன. அந்த மீனின் தலை எலும்பு தந்தம் மாதிரி இருக்கும். அதில் செதுக்கு வேலை செய்து தெற்கேயிருந்து வரும் வியாபாரிகளிடம் விற்பார்கள். டிரிஸ்டைத் தேடிப் படிக்கிறவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் நோட்டில் எழுதியது இந்த மீனைத்தான். கீழே ஒரு கேள்வியும் எழுதினேன்: மீன் வராத வருடம் என்ன ஆகும்?

அந்த ஒரு கேள்வியை வைத்து ஆறு வாரம் ஆடினோம். ஒரே ஏரியைப் பங்குபோடும் இரண்டு ஊர்கள், மீன் குறைந்துவிட்டது, படகுகள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று நுழைகின்றன, ஒரு ராத்திரி ஒரு படகு எரிகிறது. ஆடுகிறவர்கள் ஐவரும் விசாரிக்க வந்த வெளியாட்கள். சண்டை போட்டுத் தீர்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற தம்பி ஒருவர் இருக்கிறார், கொஞ்சம் கூச்ச சுபாவம், நாலைந்து வாரமாக அதிகம் பேசாதவர். அவர் திடீரென்று தன் பாத்திரத்தின் குரலில் பேச ஆரம்பித்தார். "தனித்தனியாப் பிடிச்சா அடிதடிதான். ஒரு நாள் குறிங்க. அதுவரைக்கும் ரெண்டு ஊரும் வலையே போடக் கூடாது. அன்னைக்குக் காலையில பெரியவர் ஒருத்தர் கரையில நின்னு வெள்ளைக் கொடி காட்டணும். கொடி அசைஞ்சா ரெண்டு ஊரும் ஒண்ணா இறங்கணும். யார் கையில எது அகப்படுதோ அது அவங்களுக்கு."

அது அவர் ஊர்க் கண்மாயில் நடக்கிற மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியதும் கொடி அசைக்க, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் கச்சா, ஊத்தா என்ற மீன்பிடிச் சாதனங்களோடு ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் உண்டாக்கிய பனி ஏரியில் அது அவ்வளவு இயல்பாகப் பொருந்தியது. மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நான் டைஸ் கூட உருட்டச் சொல்லவில்லை, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த மீனை நாவல் கொடுத்தது, கொடியை அந்தத் தம்பி கொடுத்தார். கதைச் சுருக்கத்தை நோட்டில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

ஒரு அத்தியாயத்துக்கு மூன்று வரி போதும். முழு நாவலுக்கு ஐந்தாறு பக்கம் வரும். மேசைக்கு நாவலைக் கொண்டுபோகாதீர்கள், அந்த ஐந்தாறு பக்கத்தை மட்டும் கொண்டுபோங்கள்.

மூன்றாவது வேலை: எது நடந்ததாகக் கணக்கு என்று பேசிக்கொள்வது

எந்தக் கதை உண்மையில் நடந்ததாகக் கணக்கோ அதற்குக் கேனன் என்று ஆட்டக்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் டைஸைத் தொடுவதற்கு முன் இதைப் பேசி முடிக்க வேண்டும். பேசாமல் விட்டதால்தான் என் முதல் மேசை கலைந்தது.

அப்போது நான் ஒரு புகழ்பெற்ற நாவல் வரிசையின் கதையையே ஆட வைக்க முயன்றேன். நான்காவது வாரம், கூட ஆடிய தங்கச்சி ஒருவர் நாவலில் கடைசியில்தான் விடுதலையாக வேண்டிய ஒரு கைதியை விடுவித்துவிட்டார். அருமையான யோசனை, டைஸும் நன்றாக விழுந்தது. நான் பதறிப்போய், வாசலில் இன்னும் இருபது காவலர்களை நிறுத்தி, கைதியை மறுபடி உள்ளே தள்ளினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நானும் ஒரு பையனும்தான். அவர் செய்தது சரி, நான் செய்தது தப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்த ஆட்டம் தொடங்கினாலும் முதல் நாள் ஒரு பக்கத் தாளை வாசித்துக் காட்டுகிறேன். அதில் மூன்றே விஷயம். எந்த நாவல் வரை நடந்ததாகக் கணக்கு. எந்த நாளிலிருந்து நம் மேசையின் கணக்கு தொடங்குகிறது. அந்த நாளுக்குப் பிறகு எந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் நம் மேசையில் நடப்பதுதான் நடந்தது. எல்லாரும் சரி என்று சொன்னபிறகுதான் டைஸ்.

இப்படி வெட்டிக்கொள்ளலாமா, அது அந்த உலகத்துக்குச் செய்கிற துரோகம் இல்லையா என்று சிலர் தயங்குகிறார்கள். உலகத்தை உண்டாக்கியவர்களே வெட்டியிருக்கிறார்கள். எபரான் என்ற உலகம் 2004இல் வந்தது. அதற்கு முன் 2002இல் புது உலகத்துக்காகப் போட்டி வைத்து, வந்து குவிந்த 11,000க்கும் மேற்பட்ட யோசனைகளிலிருந்து கீத் பேக்கருடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உலகத்தில் ஆரம்பத்திலேயே இரண்டு முடிவு எடுத்தார்கள். ஆட்டப் புத்தகங்களில் காலம் அந்த உலகக் கணக்கில் 998ஆம் ஆண்டிலேயே நிற்கும். நாவல்களில் நடப்பது ஆட்ட உலகத்தைக் கட்டுப்படுத்தாது. நாவல் என்பது அந்த உலகத்தில் நடந்திருக்கக்கூடிய ஒரு கதை, அவ்வளவுதான். 2021இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் வடிவமைப்பாளர்களும் இதே வழிக்கு வந்தார்கள். 2014இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பின் ஆட்டப் புத்தகங்களில் இருப்பது மட்டுமே ஆட்டத்துக்கான கேனன், நாவல்கள் அந்தக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க நான் சித்திரைத் திருவிழாவைத்தான் சொல்வேன். அழகர் ஏன் மலையை விட்டு வைகைக்கு வருகிறார்? மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்பது கோவில் வழக்கு. தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு வருகிறார், வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதால் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர் பக்கம் திரும்பிவிடுகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. தேனூரில் நடந்துகொண்டிருந்த விழாவை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்குக் கொண்டுவந்தவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டு கதையையும் நம் பாட்டிகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். கரையில் நிற்கிற யாருக்கும் அதில் குழப்பம் இல்லை. திருவிளையாடல் 64ஐயும் பெரும்பற்றப்புலியூர் நம்பி ஒரு வரிசையில் பாடினார், பரஞ்சோதி முனிவர் வேறு வரிசையில் பாடினார். ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டது. அந்த மனசு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆட்ட மேசைக்கும் அதைக் கொண்டுவந்தால் போதும்.

நான்காவது வேலை: நிறையப் படித்தவரைக் கவனிப்பது

எந்தக் குழுவிலும் ஒருவர் எல்லா நாவலும் படித்திருப்பார். நீங்கள் வாசல் கதவு நீலம் என்று சொன்னால், "புக்ல அப்படி இல்லையே, அண்ணே, பச்சைல்ல?" என்பார். அவர் மேல் எரிச்சல் படாதீர்கள். அந்த உலகத்தை மற்ற எல்லாரையும்விட அதிகம் நேசிக்கிறவர் அவர்தான். அந்த நேசத்துக்கு மேசையில் ஒரு வேலை கொடுங்கள்.

ஊர் ஊராகச் சுற்றிப் பாடுகிற பாடகனாகவோ, சுமைவண்டி ஓட்டியாகவோ தன் பாத்திரத்தை அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாவலில் படித்ததைத் திருத்தமாகச் சொல்லாமல், கேள்விப்பட்டதாகச் சொல்லட்டும். "அந்தக் கோட்டை வாசல் பச்சைன்னு எங்க ஊர்ல பாடுவாங்க" என்று அவர் பாத்திரம் சொன்னால் அது அழகான வசனம். பாட்டு தப்பாக இருக்கலாம், கதவைப் போன வருடம் மாற்றியிருக்கலாம், அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். செஷன் தொடங்குவதற்கு முன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஊரைப் பற்றி உனக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். எனக்கு இப்படிக் கிடைத்த விவரங்கள் நோட்டில் பாதிக்கு மேல் இருக்கின்றன.

எதுவுமே படிக்காதவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் பாத்திரம் எந்த ஊர், அந்த ஊரில் எதற்குப் பயம், யாரிடம் கடன். அவருக்குத் தெரியாத இடங்களில் அவர் பாத்திரத்துக்கும் தெரியாது, அது நல்லதுதான்.

ஐந்தாவது வேலை: நாவலின் நாயகர்களை எங்கே நிறுத்துவது

ஆசைப்பட்டு டிரிஸ்டை முதல் வாரமே கொண்டுவந்துவிடாதீர்கள். அவன் வந்தால் எல்லாச் சண்டையையும் அவன்தான் போடுவான், உங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வைகை உடைத்துக்கொண்டு வரும்போது மன்னனும் இருக்கிறான், மந்திரியும் இருக்கிறார், ஊரே கரையில் நிற்கிறது. ஆனால் கதை யாருடைய பங்குக் கரையில் நடக்கிறது? பிட்டு விற்கிற வந்திக் கிழவியின் பங்கில். உங்கள் மேசையில் அந்தப் பங்கு ஆடுகிறவர்களுடையது. நாவலின் பெரிய போர் மலைக்கு அந்தப் பக்கம் நடக்கட்டும். போருக்கு ஆள் எடுத்துப் போனதால் காவலுக்கு ஆள் இல்லாத சின்ன ஊரில் உங்கள் ஐந்து பேர் இருக்கட்டும்.

நாயகனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் கேட்டால், தூரத்தில் ஒருமுறை காட்டுங்கள். சந்தையில் இரண்டு வளைவாளோடு ஒருவன் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறான், முக்காடு போட்டிருக்கிறான். அவ்வளவு போதும்.

ஆறாவது வேலை: தமிழில் சொல்வது

ஆங்கில நாவலைப் படித்துவிட்டு மேசையில் தமிழில் பேசும்போது ஒரு கஷ்டம் வரும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு அது நடக்காது. நகரக் காவல் தலைவன் ஒரு குடியானவனை "நீ" என்பானா, "நீங்க" என்பானா, "ஏலே" என்பானா? நாவலைப் படிக்கும்போதே ஒவ்வொரு ஆளுக்கும் இதை நோட்டில் எழுதிவிடுங்கள். நான் செய்கிற வேலைகளில் மிகவும் பிடித்தது இதுதான். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தவுடன் அந்த ஊரின் அதிகாரம் முழுக்க விளங்கிவிடும். ஒரு கிழவிக்கு மட்டும் காவல் தலைவன் "நீங்க" சொன்னால், ஏன் என்று மேசையில் உடனே கேட்பார்கள். அங்கேயே ஒரு கதை கிடைத்துவிடும்.

வழிப்போக்கர்கள் தங்குகிற விடுதியை நான் சத்திரம் என்றுதான் சொல்வேன். ரயில்வே ஸ்டேஷன் எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லிலேயே திண்ணையும் மூட்டையும் வந்துவிடும். ஆனால் சத்திரத்தில் மது விற்பதில்லை, அதனால் கள் ஊற்றுகிற இடம் வந்தால் சாராயக்கடை என்று தனியாகச் சொல்கிறேன். எல்ஃப், டிராகன் போன்றவற்றை அப்படியே விடுங்கள். எல்ஃபை யட்சி என்று மாற்றினால் யட்சிக்கு உள்ள பயமும் பூவாசமும் கூடவே வந்து நாவலின் ஆளை விழுங்கிவிடும்.

கடைசி வேலை: உங்கள் நோட்டு

ஒவ்வொரு செஷன் முடிந்ததும் நடந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். டிஎம் மட்டும் எழுதக் கூடாது, வாரம் ஒருவர். தன் பாத்திரத்தின் கண்ணால் எழுதலாம், கடிதமாக எழுதலாம், கணக்குப் புத்தகம் மாதிரிகூட எழுதலாம். முதலில் எல்லாரும் சோம்பேறித்தனப்படுவார்கள், மூன்றாவது வாரம் தன் முறை எப்போது என்று கேட்பார்கள். ஜப்பானில் 1986இல் ஒரு குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை அப்படியே எழுதி ஒரு பத்திரிகையில் தொடராக வெளியிட்டார்கள். அந்த ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ 1988இல் அதை நாவலாக எழுதினார். ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் என்று உலகம் முழுக்கத் தெரிந்த கதை அது. அங்கே மேசை முதலில் வந்தது, நாவல் பின்னால் வந்தது.

நம் நோட்டு அச்சுக்குப் போக வேண்டும் என்று இல்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அதுதான் நாவல். எங்கள் இரண்டாவது ஆட்டத்தை அதே பனி ஏரியில், நாற்பது ஆண்டு கழித்துத் தொடங்கினோம். முதல் காட்சி, விடியற்காலை, கரை முழுக்கக் கூட்டம், பெரியவர் ஒருவர் வெள்ளைக் கொடியைத் தூக்குகிறார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர், "இதென்ன கொடி? இது எந்த நாவல்ல வருது?" என்று கேட்டார். மேலூர்த் தம்பி நோட்டைப் பிரித்து, பதினான்காம் பக்கத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.